திராக்ஷைத் தோட்டங்களில் தழைச்சத்து: எருவிலிருந்தும் உப்பு உரத்திலிருந்தும் அது கொடிக்குக் கிடைக்கும் விதம்

கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கூடலூர் முதலிய கிராமங்களில் கல்தூண் நாட்டிக் கம்பி கட்டிய பந்தல்களின்மேல் பன்னீர் திராக்ஷை பயிராகி வருவது நம் வாசகர்கள் யாவரும் அறிந்ததே. மேனாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று வழங்கும் இவ்வகைக்குக் கம்பம் பன்னீர் திராட்சை என்னும் பெயரால் 2023-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பெயர் கிடைத்தபின் அதைக் காப்பாற்றுவது பழத்தின் நிறமும், இனிப்பும், சந்தை போய்ச் சேரும்வரை உதிராமல் நிற்கும் உறுதியுமேயாகும். இம்மூன்றையும் எளிதில் கெடுக்கவல்லது அளவுக்கும் காலத்துக்கும் மிஞ்சிய தழைச்சத்து. அது குறைந்தாலோ கொடி மெலிந்து, குலை சிறுத்து, இரண்டொரு போகத்தில் தோட்டமே தளர்ந்துவிடும்.

நைட்ரஜன் எனப்படும் இத்தழைச்சத்தைக் குறித்துத் திராக்ஷை வைத்திருப்போருக்குள் இரண்டு கட்சிகள் உண்டு. மூட்டை உரமே போதும், வண்டி வண்டியாய் எருவைச் சுமப்பது வீண் கூலி என்பது ஒன்று. உப்பு உரம் மண்ணைக் கெடுத்துவிடும், எருவும் புண்ணாக்குமே போதும் என்பது மற்றொன்று. கொடியின் வேருக்கு இந்தக் கட்சிபேதம் தெரியாது. எருவிலிருந்து வந்தாலும் மூட்டையிலிருந்து வந்தாலும் அது பெரும்பாலும் நைட்ரேட் என்னும் உப்பாகவும், ஓரளவு அம்மோனியமாகவுமே தழைச்சத்தை உறிஞ்சுகிறது. ஆகையால் நாம் விசாரிக்க வேண்டுவது, இட்ட உரத்திலுள்ள தழைச்சத்து எத்தனை நாளில் அந்த உருவத்தை அடைகிறது, அடைந்தபின் எத்தனை நாள் வேரருகே தங்குகிறது, அந்த நாட்களில் கொடிக்கு அது வேண்டியிருக்கிறதா என்பனவே.

மண்ணுக்குள் நடப்பது

தொழு உரத்திலும், தழையிலும், புண்ணாக்கிலும் உள்ள தழைச்சத்து புரதம் முதலிய பொருள்களுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அவற்றைத் தின்று சிதைக்கும்போது முதலில் அம்மோனியம் பிறக்கிறது. பிறகு வேறொரு வகைக் கிருமிகள் அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகையினவை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இது உயிருள்ளவற்றின் வேலை என்பது 1877-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்தில் ஸ்லோஸிங், மூன்ட்ஸ் என்னும் இரு சாஸ்திரிகளால் நிரூபிக்கப்பட்டது. அவர்கள் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய ஒரு குழாயில் சாக்கடை நீரை மெதுவாக ஒழுகவிட்டார்கள். முதல் இருபது நாள்வரை நீர் போனபடியே வெளிவந்தது. அதன்பின் அதிலிருந்த அம்மோனியா மறைந்து நைட்ரேட் தோன்றலாயிற்று. குளோரோபாரம் ஆவியை உள்ளே செலுத்தியதும் அவ்வேலை நின்றது. புதுமண் கரைத்த நீரைச் சேர்த்ததும் மறுபடி தொடங்கியது. மயக்கமருந்தினால் நிற்கும் வேலை உயிரின் வேலையாகத்தானே இருக்க வேண்டும்? அக்கிருமிகளை 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் வினோகிராட்ஸ்கி என்பவர் தனியே பிரித்துக் காட்டினார்.

உயிருள்ளவை ஆதலால் அவற்றுக்கு ஈரமும் காற்றும் வெதுவெதுப்பும் வேண்டும். நம் நாட்டு மண்ணில் வெதுவெதுப்புக்குக் குறைவில்லை. பத்து டிகிரி உஷ்ணம் ஏறினால் இச்சிதைவு ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுக்கணக்கு. ஆகவே குளிர்நாடுகளில் பல மாதம் பிடிக்கும் வேலை இங்கே சில வாரங்களில் முடிகிறது. காய்ந்து கிடந்த மண்ணில் முதல்மழை பெய்தவுடன் பயிர் உரமிட்டதுபோல் பச்சை பிடிப்பதை யாவரும் பார்த்திருப்பர். அது வானத்திலிருந்து வந்த சத்து மட்டுமன்று. காய்ச்சலில் மடிந்த கிருமிகளின் உடலும், காய்ந்து பிளந்த மக்குப் பொருளும் ஈரம் கண்டதும் விரைந்து சிதைவதனால் விளைவது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ச்சி செய்த பர்ச் என்பவர் இதை 1958-இல் விளக்கினார். பாத்தியை நன்றாகக் காயவிட்டுக் கவாத்துக்குப் பின் தண்ணீர் பாய்ச்சும் வழக்கத்தில் இந்த இலாபமும் அடங்கியிருக்கிறது.

மண்ணில் அம்மோனியமும் நைட்ரேட்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. களிமண் துகள்களும் மக்கும் அம்மோனியத்தைப் பற்றி வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டை அவை பற்றுவதில்லை. தண்ணீர் போகுமிடமெல்லாம் அதுவும் போகும். பள்ளத்தாக்கின் மணற்பாங்கான செவ்வல் நிலங்களில் ஒரு கனத்த பாசனம் அதை வேரெட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். வாய்க்கால் நீரை இரண்டு நாள் தேங்கவிடும் கனத்த நிலங்களிலோ, காற்றில்லாத மண்ணில் வாழும் வேறு கிருமிகள் நைட்ரேட்டைப் பிரித்து வாயுவாக வானில் விட்டுவிடும். ஆக, நைட்ரேட் ஆகிவிட்ட தழைச்சத்தைக் கொடி சில வாரங்களுக்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால் அது பெரும்பாலும் நஷ்டமே.

எருக்களின் குணபேதம்

ஓர் எருவின் தழைச்சத்து விரைவில் கிடைக்குமா தாமதித்துக் கிடைக்குமா என்பதை அதிலுள்ள கரிக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரி இருபது பங்குக்குள் இருந்தால் கிருமிகள் தாம் உண்டது போக மிச்சத்தை மண்ணுக்கு விடும். முப்பது பங்குக்கு மேற்பட்டால் தமக்குப் போதாமல் மண்ணிலிருப்பதையும் பிடுங்கிக்கொள்ளும். வைக்கோல் இவ்விதமானது. ஆயிரம் கிலோ காய்ந்த வைக்கோலில் தழைச்சத்து ஏறத்தாழ ஐந்து கிலோவே உண்டு. அதைச் சிதைக்கும் கிருமிகளுக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வேண்டியிருப்பதால், ஏழெட்டுக் கிலோ வரை மண்ணிலிருந்து எடுத்துச் சிலகாலம் பூட்டி வைக்கும். பந்தலின்கீழ் மூடாக்காக வைக்கோலோ கரும்புத் தோகையோ பரப்புவது ஈரத்தைக் காக்க மிகவும் நல்லதே. மண்ணின் மேலே கிடக்கும்வரை தீங்கும் சொற்பமே. கவாத்து முடிந்த கையோடு அதைக் கொத்திப் புதைத்தால்தான் இளந்தளிர் வெளுத்துப் போகும்.

கவாத்தில் வெட்டி விழும் கொடிகளையும் இம்முறையில் எண்ணிப் பார்க்கவேண்டும். முற்றிய தண்டில் கரி மிகுதி, இலையில் தழைச்சத்து மிகுதி. இரண்டையும் சேர்த்து வரப்பில் குவித்துத் தீயிடும் வழக்கம் இன்னும் பல இடங்களில் காணப்படுகிறது. தீயில் தழைச்சத்து முழுவதும் புகையாய்ப் போய்ச் சாம்பல்சத்து மட்டுமே மிஞ்சும். நறுக்கிக் குழியிலிட்டுச் சாணிக்கரைசல் தெளித்து நன்றாகச் சூடேற மக்கவைத்தால் அந்தச் செல்வம் தோட்டத்துக்கே திரும்பும். அடிச்சாம்பல் நோய் கண்ட தோட்டத்து இலைகளைப் பச்சையாகப் பந்தலடியில் விடாமல் இவ்விதம் மக்கவைப்பதே உத்தமம்.

ஆட்டெரு அவ்வருஷமே பலன் தருமென்றும், மாட்டெரு மறுவருஷமே பலன் தருமென்றும் நம் முன்னோர் சொல்லிவந்த பழமொழியில் மேற்கூறிய சாஸ்திரம் முழுவதும் அடங்கியுள்ளது. ஆட்டெருவில் தழைச்சத்து அதிகம். கிடை போட்ட நிலத்தில் மூத்திரமும் சேர்கிறது. மூத்திரத்திலுள்ள யூரியா சில நாட்களில் அம்மோனியமாகும். ஆனால் கிடை எழுந்த மறுநாளே உழுது மூடாவிட்டால் அதில் நல்லதொரு பங்கு காற்றில் கலந்துவிடும். மாட்டெருவோ, மாட்டின் குடலில் எளிதில் செரிக்கக்கூடியதெல்லாம் செரித்தபின் மிஞ்சிய பொருளாகையால் மெதுவாகவே சிதையும். தொழு உரத்திலுள்ள தழைச்சத்தில் முதல் வருஷத்தில் கொடிக்குக் கிடைப்பது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே.

இதை ஒரு கணக்கினால் விளக்குவோம். நடுத்தரமான தொழு உரத்தில் நூற்றுக்கு அரைப்பங்கு தழைச்சத்து உண்டு. ஆகவே நாலு டன் எருவில் 20 கிலோ அடங்கும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு. 2018 முதல் மூட்டை 45 கிலோவாக விற்கப்படுவதால், ஒரு மூட்டையில் 20 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கிறது. ஆக, காகிதத்தில் நாலு டன் எருவும் ஒரு மூட்டை யூரியாவும் சமானம். ஆனால் முதல் வருஷத்தில் எருவிலிருந்து விடுபடுவது 5 கிலோ மட்டுமே. மூட்டைக்கட்சியார் இதைக் காட்டித்தான் எருவை இகழ்கிறார்கள். அவர்கள் கணக்கை ஒரு வருஷத்தோடு நிறுத்திவிடுவதே அதிலுள்ள குறை. மிஞ்சிய 15 கிலோவும் மண்ணில் மக்காக நின்று வருஷந்தோறும் சிறிது சிறிதாய் விடுபடும். வருஷந்தவறாமல் நாலு டன் இட்டுவருபவனுக்கு இவ்வருஷத்து எருவின் 5 கிலோவோடு சென்ற வருஷங்களின் மிச்சமும் வந்து சேரும். சில வருஷங்களில் அவ்வரவு இருமடங்குக்கு மேலாகிவிடும்.

மிச்சம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இங்கிலாந்திலுள்ள ராதம்ஸ்டெட் பண்ணையில் அதிசயமான சான்று ஒன்றுண்டு. அங்கே வாற்கோதுமை விளைந்த ஒரு பாகத்துக்கு 1852 முதல் 1871 வரை வருஷந்தோறும் தொழு உரம் இட்டுப் பிறகு அடியோடு நிறுத்திவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் சென்றும் அப்பாகத்து மண்ணில் எருவே கண்டிராத பாகத்தைவிட மக்கு அதிகமாக இருந்தது. நம் உஷ்ணத்தில் அவ்வளவு காலம் நில்லாது. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரீட்சை நம் சீதோஷ்ணத்தில் இதையே கவனிக்க ஏற்பட்டது. எருவை விடாமல் இட்டுவருவதே இங்கு முறை. ஒரு வருஷம் குவித்துவிட்டு மூன்று வருஷம் சும்மா இருப்பதால் அதே பலன் வராது.

எருவைத் தயாரிப்பதிலேயே நாம் பாதியை இழந்துவிடுகிறோம் என்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி மூத்திரத்தில் இருக்கிறது. தொழுவத்தில் காய்ந்த மண்ணையோ கழிவுத் தழையையோ பரப்பி அதை ஊறவைத்து எருக்குழிக்குக் கொண்டுபோகும்படி விவசாய இலாகாவினர் பல தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். சிமெண்டுத் தளம் போட்டுக் கழுவி ஓடைக்கு விடும் தொழுவங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் அந்த யோசனை முன்னிலும் அவசியமாகிறது. தளத்தின் சாய்வில் ஒரு தொட்டி கட்டினால் போதும். வெயிலிலும் மழையிலும் மேடாகக் குவித்து வைத்த எரு, வயலுக்குப் போகும்போது பெயரளவில் எருவேயன்றிச் சத்தில் எருவன்று.

புண்ணாக்குகள் எருவுக்கும் உப்பு உரத்துக்கும் இடைப்பட்டவை. கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 7, வேப்பம் புண்ணாக்கில் 5, ஆமணக்கில் 4 பங்குக்குச் சற்று மேல் தழைச்சத்து உண்டு. கரி விகிதம் குறைவாதலால் ஈரமுள்ள மண்ணில் இரண்டு மூன்று மாதத்துக்குள் பாதிக்கு மேல் விடுபட்டுவிடும். கடலைப் புண்ணாக்கு மாட்டுக்குத் தீனியாகி, மாட்டின் வழியாகத் தோட்டத்துக்கு வருவதே இலாபம். நேரே மண்ணில் போடுவது செல்வந்தர் வேலை. வேப்பம் புண்ணாக்குக்குத் தனிக்குணம் ஒன்றுண்டு. அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் கிருமிகளை அது சற்று அடக்கி வைக்கிறது. இக்குணம் கருதியே 2015-ஆம் வருஷம் முதல் இந்தியாவில் செய்யப்படும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டுமென்று மத்திய சர்க்கார் விதித்தனர்.

கொழிஞ்சி, தக்கைப்பூண்டு, சணப்பை ஆகியவற்றைப் பூக்கும் தருணத்தில் மடக்கினால் விரைந்து சிதையும். முற்றவிட்டால் நார் ஏறிச் சிதைவு தாமதிக்கும். பந்தல் மூடிய தோட்டத்தில் நிழல் காரணமாக இவை செழிப்பதில்லையாதலால், வரப்புகளிலும் வேலியிலும் புங்கு, கிளைரிசிடியா வளர்த்துத் தழையை வெட்டிப் போடுவதே வழி.

உப்பு உரங்கள்

இவற்றைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. சத்து உடனே கிடைப்பதே இவற்றின் பெருமையும் ஆபத்தும் ஆகும். யூரியா ஈரமண்ணில் இரண்டு முதல் ஐந்து நாளில் அம்மோனியமாகவும், மேலும் இரண்டு முதல் நாலு வாரத்தில் நைட்ரேட்டாகவும் மாறும். மண்ணின்மேல் தூவி அப்படியே விட்டால், முக்கியமாய்ச் சுண்ணாம்பும் உவரும் உள்ள நிலங்களில், அம்மோனியா ஆவியாய்ப் போய்விடும். மண்ணில் மூடவேண்டும், அல்லது அளவாகத் தண்ணீர் பாய்ச்சி இரண்டு மூன்று அங்குலம் உள்ளே இறக்கவேண்டும். அம்மோனியம் சல்பேட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு தழைச்சத்தும், கூடவே கந்தகமும் உண்டு. ஆவியாகும் நஷ்டம் இதில் குறைவு. ஆனால் நூறு கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் புளிப்பைப் போக்க 110 கிலோ சுண்ணாம்புக்கல் பொடி வேண்டும். சுண்ணாம்புள்ள நிலத்தில் இந்தப் புளிப்பு நன்மையே. சுண்ணாம்பு குறைந்த செவ்வலில் பல வருஷம் இதையே இட்டுவந்தால் மண் புளித்துப்போம். கால்சியம் நைட்ரேட் முதலியவை இட்டவுடனே நைட்ரேட்டாகவே இருப்பதால் சொட்டுநீர்க் குழாயில் சிறுகச் சிறுக விடுவதற்கேயன்றி வாரியிறைப்பதற்கு ஏற்றவையல்ல. அம்மோனியம் குளோரைடைத் திராக்ஷைக்குத் தவிர்க்கவேண்டும். இக்கொடி குளோரைடைப் பொறுப்பதில்லை.

கொடிக்கு வேண்டுங்காலம்

ஐரோப்பியத் திராக்ஷை நூல்களைப் படித்து அதன்படி நடக்க விரும்புவோர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். அங்கே கொடி குளிர்காலம் முழுதும் இலையுதிர்த்து உறங்குகிறது. வருஷத்துக்கு ஒரே போகம். வசந்தகாலத்தில் மண் குளிர்ந்திருப்பதால் எரு தாமதித்தே சிதையும். இங்கே கொடிக்கு உறக்கமில்லை. நாம் கத்தி வைக்கும் நாளே அதற்கு வசந்தம். வருஷத்துக்கு இரண்டு போகமும், இரண்டு வருஷத்தில் ஐந்து போகமும் எடுப்போர் இருக்கிறார்கள். ஆகவே மாதப் பெயரைப் பின்பற்றாமல் கவாத்திலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டு உரமிடுவதே நமக்குப் பொருந்தும்.

கவாத்துச் செய்தபின் முதல் இரண்டு மூன்று வாரம் தளிர்க்கும் தளிர், மண்ணிலிருந்து பெறுவதைவிடத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த சத்தையே பெரிதும் தின்று வளர்கிறது. அப்போது இலை இல்லை. இலை இல்லாத கொடி அதிகமாக நீரையோ உப்பையோ உறிஞ்சாது. கவாத்தன்றே மூட்டையை அவிழ்த்துக் கொட்டிக் கனக்கத் தண்ணீர் கட்டுவது பள்ளத்தாக்கில் பரவலாகக் காணப்படும் வழக்கம். அவ்வாறு இட்ட சத்து கொடி கேட்கும்போது வேரடியில் இராமல் கிணற்றுக்குப் போய்ச் சேரும் என்பதே எமது அபிப்பிராயம். நாலைந்து இலை விரிந்ததிலிருந்து பூக்கும்வரையும், பிஞ்சு பிடித்ததிலிருந்து காய் பருக்கும்வரையுமே தேவை மிகுதி. காய் நிறம் மாறத் தொடங்கியபின் தழைச்சத்து இடுவதால் நிறம் பிந்தும், தோல் மெலியும், பழம் தாங்காது.

பூக்கும் தருணத்தில் மிதமிஞ்சினால் கொடி இலையோட்டத்திலேயே நாட்டம் வைத்துப் பூவையும் பிஞ்சையும் உதிர்த்துவிடும். பன்னீர் திராக்ஷை இயல்பிலேயே குலையில் பெரிதும் சிறிதுமாய்க் காய் பிடிக்கும் குணமுடையதாதலால் இதில் அதிக எச்சரிக்கை வேண்டும். இதைவிடப் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. அடுத்த போகத்துக் குலைகள் இப்போது வளரும் கிளைகளின் மொட்டுக்குள்ளேயே உருவாகின்றன. அம்மொட்டுகளின்மேல் வெயில் படவேண்டும். பந்தல் கருங்கும்மென்று மூடிக்கொண்டால் மொட்டுகள் குலையில்லாத வெறும் மொட்டுகளாகும். இப்போகத்தில் வாரியிறைத்த யூரியா அடுத்த போகத்துக் குலையைத் தின்றுவிடுகிறது. குடியானவரோ கவாத்துக்காரனைக் கோபித்துக்கொள்கிறார். காற்றோட்டமற்ற இலைக்கூட்டத்தில் அடிச்சாம்பல் நோய் தங்குவதையும், மருந்துச் செலவு பெருகுவதையும் தனியே சொல்லவேண்டுமோ?

அறுவடைக்குப் பிந்திய நாட்களைப் பலர் உதாசீனம் செய்கிறார்கள். பழத்தை வண்டியேற்றியபின் தோட்டத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அடுத்த போகத்து முதல் தளிருக்கு வேண்டிய சேமிப்பு அப்போதுதான் வேரில் இறங்குகிறது. இலை ஆரோக்கியமாக இருக்கும்வரை சிறிதளவு தழைச்சத்தும் தண்ணீரும் கொடுத்து, ஒரு மாதமேனும் கொடியை ஓய்வில் விட்டே மறு கவாத்துக்குப் போகவேண்டும். விலை உயர்ந்திருக்கிறதென்று ஓய்வைக் குறைத்துக் கத்தி வைப்பவர் சேமிப்பில்லாத கொடியை வெட்டுகிறார். அதன்பின் எந்த உரத்தாலும் அந்தக் குறையைச் சில வாரத்தில் நிரப்ப முடியாது.

மண்வள அட்டையிலுள்ள எண்

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின்கீழ் அட்டை பெற்ற குடியானவர்கள் அதில் கிடைக்கக்கூடிய தழைச்சத்து என்று ஓர் எண் இருப்பதைக் காண்பார்கள். சுப்பையா, அஸிஜா என்பவர்கள் 1956-இல் வெளியிட்ட முறைப்படி காரங்கலந்த பெர்மாங்கனேட்டினால் அளப்பது அது. ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழ் குறைவு, 560-க்கு மேல் அதிகம், இடைப்பட்டது மத்திமம். ஏக்கர்க்கணக்கில் இவை முறையே 113, 227 கிலோவாகும். இதைப் பார்த்து, ‘நூறு கிலோ இருக்கையில் இன்னும் எதற்கு?’ என்று சிலர் கேட்கிறார்கள். அவ்வெண் வேரடியில் தயாராக நிற்கும் நைட்ரேட்டைக் காட்டுவதன்று. எளிதில் சிதையக்கூடிய மக்கில் அடங்கியுள்ளதையே பெரிதும் காட்டுகிறது. பெட்டியிலுள்ள நெல்லுக்கும் உலையிலுள்ள சோற்றுக்கும் உள்ள வித்தியாசம் இது. ஆறங்குல ஆழத்து மேல்மண் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் கிலோ. அதில் நூற்றுக்கு 0.05 பங்கு தழைச்சத்து இருப்பின் மொத்தம் 450 கிலோவாகும். வருஷத்தில் அதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு, அதாவது பத்துப் பன்னிரண்டு கிலோவே விடுபடும். நம் உஷ்ணத்தில் சற்றுக் கூடலாம்.

கொடி உண்மையில் என்ன பெற்றிருக்கிறது என்பதை அறிய, பூக்கும் தருணத்தில் பூங்கொத்துக்கு எதிரேயுள்ள இலையின் காம்பைச் சேகரித்துப் பரீட்சிக்கும் முறை நம்பத்தக்கது. தோட்டத்தின் பல பாகங்களிலிருந்தும் எடுக்கவேண்டும். நோய் கண்ட இலையையும், வரப்போரத்துக் கொடியையும் விலக்கவேண்டும்.

கிணற்று நீர் கொண்டுவருவது

ஒருவரும் கணக்கிடாத வரவு ஒன்றுண்டு. வேரைத் தப்பிக் கீழிறங்கிய நைட்ரேட் கிணற்றில் சேர்ந்து, மோட்டார் மூலம் மறுபடி தோட்டத்துக்கு வருகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது இந்தியத் தர நிர்ணயம். சரியாக அந்த எல்லையிலுள்ள நீரை ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் பாய்ச்சினால் ஏறத்தாழ ஒரு லட்சத்து மூவாயிரம் லிட்டர் ஆகிறது. அதில் ஒரு கிலோ தழைச்சத்து அடங்கியிருக்கும். ஒரு போகத்தில் பன்னிரண்டு அங்குலம் பாய்ச்சினால் பன்னிரண்டு கிலோ. முன்பு காசு கொடுத்து வாங்கித் தொலைத்ததே திரும்பி வருகிறதாகையால் அதைக் கணக்கில் வரவு வைப்பது நியாயமே. ஆனால் அதே கிணற்று நீரைத் தோட்டத்து வீட்டில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுப்பதும் நடக்கிறது. நைட்ரேட் மிகுந்த நீர் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் குறைத்து உடலை நீலம் பாரிக்கச் செய்யும். நீரைக் காய்ச்சுவதனால் இது நீங்காது. காய்ச்சக் காய்ச்ச நீர் சுண்டி நைட்ரேட் செறிவே அதிகமாகும். பரீட்சித்து அறியாத தோட்டக் கிணற்று நீரைச் சிசுக்களுக்குக் கொடுக்கலாகாது.

ஒரு மாதிரிக் கணக்கு

பரிசோதனையின் பேரில் ஒரு தோட்டத்துக்குப் போகத்துக்கு ஏக்கருக்கு 40 கிலோ தழைச்சத்து வேண்டுமென்று யோசனை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்காகக் கொண்ட எண்ணேயொழிய எல்லாத் தோட்டத்துக்கும் பொருந்துவதன்று. கவாத்துக்கு மூன்று நாலு வாரம் முன்னதாக நாலு டன் தொழு உரம் இட்டு மூடினால் அதிலிருந்தும் பழைய மிச்சத்திலிருந்தும் ஏறத்தாழ 10 கிலோ வரும். கவாத்தை ஒட்டி 200 கிலோ வேப்பம் புண்ணாக்கு இட்டால் அதிலுள்ள 10 கிலோவில் 6 கிலோ இப்போகத்துக்கு உதவும். கிணற்று நீர் மேற்சொன்ன எல்லையில் இருப்பின் பன்னிரண்டில் பாதியாகிய 6 கிலோவை மட்டும் வரவு வைப்போம். ஆக 22 கிலோ. மீதி 18 கிலோவுக்கு யூரியா 39 கிலோ போதும். எருவையும் நீரையும் கணக்கிடாதவர் இரண்டு மூட்டை போடுமிடத்தில் இது ஒரு மூட்டைக்கும் குறைவு. இதையும் ஒரே நாளில் இடாமல், ஐந்தாம் இலை விரிந்தபோது மூன்றிலொரு பங்கும், பிஞ்சு பிடித்தபின் மூன்றிலொரு பங்கும், மிச்சத்தை இரண்டாக்கி ஒன்றைக் காய் பருக்கும்போதும், மற்றொன்றை அறுவடை முடிந்தவுடனும் இடலாம். சொட்டுநீர் உள்ளவர்கள் இன்னும் சிறு பங்குகளாகப் பிரிக்கலாம். கொடி முன் போகத்தில் அளவுக்கு மிஞ்சிப் படர்ந்திருந்தால் காய் பருக்கும்போது இடும் பங்கை அடியோடு விட்டுவிடவேண்டும். இடுமிடம் தண்டின் அடியன்று. தண்டிலிருந்து இரண்டடி தள்ளி, சல்லிவேர் பரவிய வட்டத்திலே.

இக்கணக்கை நம்பத் தயங்குவோர் பந்தலில் நாலு வரிசையை இம்முறைக்கும், பக்கத்து நாலு வரிசையைத் தம் வழக்கத்துக்கும் விட்டு, தண்ணீரும் மருந்தும் ஒரே விதமாய்க் கொடுத்துப் பார்க்கட்டும். எடையை மட்டும் பார்த்தால் போதாது. அடுத்த கவாத்துக்குப் பின் ஒரு கொடிக்கு எத்தனை குலை வந்ததென்று எண்ணிக் குறித்தல் அவசியம். வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படும்.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சிச் செயலர்களும் இவ்விஷயத்தில் செய்யக்கூடிய உதவி கொஞ்சமன்று. கண்மாய் வண்டல் எடுக்க அனுமதி கோருவோருக்கு விண்ணப்பத்தைக் கோடைக்கு முன்பே முடித்துக் கொடுத்தால், மணற்பாங்கான திராக்ஷை நிலங்களுக்கு அம்மோனியத்தைப் பற்றி வைக்கும் களி கிடைக்கும். சந்தையிலும் பேக்கிங் கொட்டகையிலும் குவியும் அழுகல் பழத்தையும் காம்பையும் ஓடையில் தள்ளாமல் மக்கவைக்கப் பொதுக்குழி ஒதுக்கலாம். தோட்டத்து வீடுகளின் குடிநீர்க் கிணறுகளை வருஷத்துக்கு இருமுறை, கோடையின் முடிவிலும் ஐப்பசி மழை ஓய்ந்தபின்னும், நைட்ரேட்டுக்குப் பரீட்சை செய்விப்பது நலம். மாதிரிக்கு எடுக்கும் பாட்டிலை அதே நீரால் மும்முறை அலம்பி, மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டபின் பிடித்து, மூடி இறுக்கி, கிணற்றின் சர்வே நம்பரையும் தேதியையும் எழுதி ஒட்டி, நிழலில் குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கோ மறுநாளோ பரிசோதனைச் சாலையில் சேர்ப்பிக்கவேண்டும். நாள் கடந்தால் பாட்டிலுக்குள்ளேயே கிருமிகள் அந்த நைட்ரேட்டைக் கூட்டவோ குறைக்கவோ தொடங்கிவிடும்.